படம் கட்டாயம்

சூலூர்ப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறை.
இன்வெர்ட்டர் இன்னும் நாற்பது நிமிடம் என்கிறது.
மஸ்தானய்யா மூன்று போன்களை ஒரே பலகையில் செருகி
நாய்க்குட்டிகளுக்குப் பால் ஊட்டுவதுபோல்
பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
நான் காலை விடாமலே ஆழம் சொல்கிறவள்.

படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.
பைக்கின் சக்கர நடு முங்கினால் ஒரு அடி.
சீட் மட்டும் தெரிந்தால் இரண்டரை.
கதவின் நாதாங்கி வரை என்றால் மூன்றரை.
கேஸ் சிலிண்டர் மிதந்தால் அது காலி என்று அர்த்தம்,
ஆழத்துக்குச் சாட்சி ஆகாது.
இடுப்புவரை தண்ணீரில் ஒருவன்
கட்டைவிரல் உயர்த்திச் சிரிக்கிறான்.
மூன்றடி என்று எழுதியபிறகு பெரிதாக்கிப் பார்த்தால்
மண்டியிட்டிருக்கிறான் படுபாவி.

கலங்கிப் பாலத்தில் சாய்ந்த லாரி
பதினேழு கோணங்களில் வந்தது.
பதினேழு சிவப்புப் புள்ளிகள்.
பதினாறை அழித்தேன்.
எந்த ஊரோ எந்த வருஷமோ,
மழை என்றால் தவறாமல் வந்துவிடும் அந்த முதலையையும்
வாலைப் பிடித்து வெளியே விட்டேன்.

செங்காளம்மன் கோயிலில் கதவு சாத்தும் வழக்கமில்லை.
தண்ணீருக்கும் அது தெரிந்திருந்தது.
படியருகே ஒற்றைச் செருப்பு மிதக்கும் படம்.
ஒன்பது அங்குலம் என்று எழுதினேன்.
செருப்பு யாருடையது என்பதற்குக் கட்டம் இல்லை.

'இல்லு முனிகிந்தி' என்று
இங்கிலீஷ் எழுத்தில் ஒருவர்.
மெஷினுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும், அதுதான் ஆபத்து.
இல்லு என்றால் இல்லை என்று எடுத்துக்கொண்டு
வெள்ளமில்லை எனப் பச்சை வைத்துவிட்டது.
தெலுங்கில் இல்லு, வீடு.
பழந்தமிழில் இல்லும் வீடுதான்.
ஆரம்பாக்கத்துக்காரி எனக்கே இன்றுதான் உறைத்தது,
வீட்டுக்கும் இல்லை என்பதற்கும் நடுவில்
எத்தனை சின்ன வாசல்படி என்று.
பச்சையைச் சிவப்பாக்கினேன்.

இரண்டு மணிக்கு வரைபடம் அழகாக இருந்தது.
நெல்லூரிலிருந்து ஓர் அதிகாரி போனில் கேட்டார்:
"ஏரிப் பக்கம் ஒன்றுமில்லை போலிருக்கே?"
ஏரிப் பக்கம் வெள்ளையாக இருந்தது.
வெள்ளை என்றால் காய்ந்த நிலம் என்று
படித்தவர்கள் வாசிக்கிறார்கள்.

அங்கே யானாதிகள் குடியிருப்பு. இருபத்தாறு வீடு.
போன மாதம் கணக்கெடுக்கப் போனபோது
பட்டன் போன் நான்கு இருந்தது,
கேமரா போன் ஒன்று,
அதுவும் தடாவில் ரிப்பேரில்.

2:40.
மிஸ்டு கால். போலம்மா, இறால் குட்டை.
ஒரே ஒரு ரிங்.
திருப்பி அடித்தால் தெலுங்கில் ஒரு பெண்
பொறுமையாக ஏதோ சொல்லி முடிப்பதற்குள் அறுந்தது.

புதிய பதிவைத் திறந்தேன்.
படம் கட்டாயம் என்றது.
பொய்ப் பதிவு வரக்கூடாதென்று
அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதே நான்தான்.
கூட்டத்தில் கைதட்டினார்கள்.

மஸ்தானய்யாவின் போனைப் பிடுங்கி
என் போனின் திரையைப் படமெடுத்தேன்:
போலம்மா. வளைந்த சிவப்பு அம்பு. 2:40.
ஏற்றினேன். வாங்கிக்கொண்டது.

ஆழம்? என்றது அடுத்து.
கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து, கூரை.
தெரியாது என்று ஒரு கட்டம் வைக்க
யாருக்கும் தோன்றவில்லை.
"இடுப்புன்னா டிராக்டர்தான் அனுப்புவாங்க.
கழுத்துன்னா படகு" என்றார் மஸ்தானய்யா,
என்னைப் பார்க்காமல்.

போலம்மா என் தோள் உயரம்.
அவள் மகள் அவள் இடுப்பு உயரம்.
யார் கழுத்து என்று படிவம் கேட்கவில்லை.
சின்னவளை நினைத்துக்கொண்டு
கழுத்து என்று குறித்தேன்.

இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது.
அத்தனை வெள்ளையில் ஒரு புள்ளி.
படகு கிளம்பியதா என்று
இன்னும் யாரும் படம் போடவில்லை.